பழைய தோல் பக்கத்தில இருக்கிற நீலமும் தங்கமும் உண்மையிலயே பழசா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

உப்புவெளிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீட்டுச் சுவரில ஒரு பொருள் மாட்டியிருக்கு, விஷயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க. அப்பப்பா திருகோணமலை நேவி யார்டில வேலை செய்தவர், 1957ல இங்கிலீஷ்காரர் துறைமுகத்தை ஒப்படைச்சிட்டுப் போகேக்க அவருக்கு மேல இருந்த ஒரு ஆபீசர் ஞாபகமா வச்சிருக்கச் சொல்லி ஒரு படத்தைக் குடுத்திட்டுப் போனவராம். படம் எண்டா தாளில்ல, தோல். ரெண்டு உள்ளங்கை அகலம் இருக்கும், மழை நாளில சுருளும் வெயில் நாளில விறைக்கும். முன்பக்கத்தில ஒரு பெரிய எழுத்து, அதுக்குள்ள பச்சை உடுப்போட ஒரு ராணி, பின்னால கடுநீல வானம், சுத்தி தங்கம், அந்தத் தங்கம் இப்பவும் கண்ணாடி மாதிரி மின்னுது. பின்பக்கத்தில படம் ஒண்டுமில்ல, சிவப்புக் கோடு நாலு நாலா கீறி அதில கறுப்புச் சதுரங்களா பாட்டுக் குறிப்பு இருக்கு, கீழ லத்தீன்ல வரிகள்.

போன மாசம் வந்த ஒரு வெளிநாட்டு ஆள் பார்த்திட்டு இது ஐரோப்பாவில மத்திய காலத்தில செய்த பிரார்த்தனைப் புத்தகத்துப் பக்கம், விக்கிறதெண்டா நான் எடுக்கிறன் எண்டார். அப்பாக்கு விக்கிற யோசனை இல்ல, எனக்கும் இல்ல, ஆனா அது என்ன எண்டு தெரிஞ்சுகொள்ள சரியான ஆசையாக் கிடக்கு. தெரிஞ்ச ஒருத்தர் சொல்லுறார் நீலத்தில கொஞ்சத்தைப் பிளேட்டால சுரண்டி லெப்புக்கு அனுப்பினா வயசு சொல்லுவாங்க எண்டு. சுரண்ட மனம் வருகுதில்ல. சுரண்டாமப் பார்க்க வழி இருக்கா? அந்த நீலம் தங்கத்தை விட விலை எண்டுறது உண்மையா? நகைக்கடையில தங்கம் செக் பண்ணுற மெசின் ஒண்டு இருக்குதானே, அதில வச்சுப் பார்த்தா ஏதும் தெரியுமா?

வெள்ளைச்சட்டைக் கெமிஸ்ட்:

தம்பி, முதல்ல ஒண்டு. சுரண்டாதீங்க. யார் சொன்னாலும் சுரண்டாதீங்க. நான் திருமலையில ஏ எல் முடிச்சிட்டு வெளியில போய் கெமிஸ்ட்ரி படிச்சு, சில வருஷம் இந்த மாதிரிப் பழைய சுவடிகளைப் பார்க்கிற ஒரு லெப்பில வேலை செய்தனான். அங்க வேலையே ஒரு துணுக்குக் கூட எடுக்காம பார்க்கிறதுதான், ஏனெண்டா சுவடி ஓவியத்தில நிறம் மெல்லிய ஒரு படைதான், எண்ணெய் ஓவியம் மாதிரித் தடிப்பா இல்ல, பிளேட்டால ஒருக்காத் தட்டினா ராணிக்குப் பின்னால வானமே இருக்காது. இன்னொண்டு, சுரண்டினாலும் நிறத்துக்கு லேசில வயசு சொல்லேலாது. கார்பன் டேட்டிங் தோலுக்குச் செய்யலாம், செம்பு ஈயம் பாதரசம் எண்டு வாற கனிய நிறங்களில பெரும்பாலும் கார்பன் வச்சு வயசு பார்க்க ஏலாது. நிறம் சொல்லக்கூடியது ஒண்டே ஒண்டுதான்: இது இந்த வருஷத்துக்கு முதல் உலகத்திலயே இருந்திருக்காது எண்டு. அதால பொய்யைப் பிடிக்கலாம், உண்மையெண்டு நிரூபிக்கேலாது, அதை முதலே மனசில வச்சிருங்க.

சரி, சுரண்டாம எப்பிடிப் பார்க்கிறது எண்டா, முதல்ல கண்ணும் மைக்ரோஸ்கோப்பும், பிறகு எக்ஸ்ரே ஃபுளோரசன்ஸ், சுருக்கமா எக்ஸ்ஆர்எஃப் எண்டுவாங்க, பிறகு ரிஃப்ளெக்டன்ஸ், பிறகு ராமன். எக்ஸ்ஆர்எஃப்ல எக்ஸ்ரேயை அடிச்சா அங்க இருக்கிற ஒவ்வொரு மூலகமும் தன்ர தன்ர சக்தியில திருப்பி எக்ஸ்ரே விடும், ஈயம் இருக்கா செம்பு இருக்கா பாதரசம் இருக்கா எண்டு உடன தெரியும். ஆனா அதில பெரிய ஓட்டை இருக்கு. நீங்க கேட்ட விலையான நீலம், லாபிஸ் லசூலி எண்ட நீலக் கல்லில இருந்து எடுக்கிற அல்ட்ராமரின், அதில இருக்கிறது சோடியம் அலுமினியம் சிலிக்கன் கந்தகம், எல்லாம் பாரம் குறைஞ்ச மூலகம், கையில பிடிக்கிற மெசினுக்கு அது லேசில தெரியாது. மற்ற நீலம் அசுரைட், அது செம்புக் கார்பனேட், செம்பு பளிச்செண்டு தெரியும். அப்ப செம்பு வந்தா அசுரைட், வராட்டி அல்ட்ராமரின் எண்டு முடிவு கட்டேலுமா? ஏலாது, அவுரி நீலமும் செம்பில்லாமத்தான் வரும். எக்ஸ்ரே தோலைத் துளைச்சு மற்றப் பக்கத்தையும் பார்க்கும், உங்கட பின்பக்கத்துச் சிவப்புக் கோடும் சேர்ந்துதான் கணக்கில வரும்.

அதால ரிஃப்ளெக்டன்ஸ். ஒரு கண்ணாடி நார் வழியா வெள்ளை வெளிச்சத்தை விட்டு, நிறம் எந்த அலைநீளத்தை விழுங்குது எதைத் திருப்பி விடுகுது எண்டு அளக்கிறது. அல்ட்ராமரின் 600 நானோமீற்றர் கிட்ட விழுங்கும், அவுரி 660 பக்கம் விழுங்கிட்டு அங்கால அகச்சிவப்பில ஒரேயடியா மேல ஏறும், கண்ணுக்கு ரெண்டும் ஒரே நீலம், கோட்டில பார்த்தா வேற வேற. பிறகு ராமன். திருச்சியில பிறந்த எங்கட சி.வி.ராமன் 1928ல கண்டுபிடிச்ச அதே விஷயம், 1930ல நோபல் வாங்கினது. லேசரை ஒரு தூள் மேல விட்டா திரும்பி வாற வெளிச்சத்தில கொஞ்சம் நிறம் மாறி வரும், எவ்வளவு மாறுது எண்டுறது அந்தப் பளிங்குக்கு மட்டுமே உரியது, அதால மூலகமில்ல, சேர்வை என்ன எண்டே சொல்லும். லேசர் பவரைக் கூட்டினா ஈய நிறங்கள் அந்த இடத்திலயே மாறிப்போகும், அதால வேணுமெண்டே குறைச்சு வச்சு நேரமெடுத்துச் செய்யிறது.

இதெல்லாம் ஏன் முக்கியம் எண்டதுக்கு லிண்டிஸ்பார்ன் சுவிசேஷச் சுவடியைப் பாருங்க. கிட்டத்தட்ட கிபி 700 காலத்தது, லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. 20ஆம் நூற்றாண்டில பெரிய நிபுணர்களே அதில லாபிஸ் இருக்கு எண்டு எழுதினவங்க, அப்ப அந்தக் காலத்திலயே ஆப்கானிஸ்தான்ல இருந்து இங்கிலாந்து வரைக்கும் கல் வந்திருக்கு எண்டு வியாபாரக் கதையே கட்டியாச்சு. ராமன்ல பார்த்தா நீலமெல்லாம் இண்டிகோ, அதாவது அவுரி நீலம், அங்கயே முளைக்கிற வோட் செடியில எடுக்கிற அதே சாயம், 2004ல வெளியாச்சு. டப்ளின்ல இருக்கிற கெல்ஸ் எண்ட சுவிசேஷச் சுவடியும் அப்பிடித்தான், 2009ல முடிவு வந்தது, அதிலயும் லாபிஸ் இல்ல. நல்ல பழகின கண்ணும் நீலத்தில ஏமாறும். அதால உங்கட படத்தைப் போட்டோவில பார்த்து இது லாபிஸ் எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க, நானும் சொல்லமாட்டன்.

நகைக்கடை மெசினைப் பற்றி: அதுவும் எக்ஸ்ஆர்எஃப்தான், ஒரே பௌதிகம். ஆனா அது உலோகத்துக்கு மட்டும் செட் பண்ணினது, தங்கம் இவ்வளவு வீதம் செம்பு இவ்வளவு வீதம் எண்டு கூட்டி 100 வரப் பண்ணிக் காட்டும், நிறத்துக்கு அந்த நம்பருக்கு அர்த்தமேயில்ல. உள்ளுக்கு வைக்கிறதுக்கு உங்கட தோலை மடிக்கவும் வேண்டி வரும். வேண்டாம்.

கோபுர வர்ணம்:

தம்பி நான் கோயில் வர்ண வேலை செய்யிற ஆள், கெமிஸ்ட்ரி தெரியாது, தங்க ரேக், அதாவது மெல்லிசாத் தட்டின தங்கத் தாள், தெரியும். நீங்க சொன்ன மினுக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. ரேக் ஒட்டினதும் அப்பிடி மின்னாது, அடியில சுண்ணமும் பசையும் கலந்து மேடு கட்டி, காய்ஞ்ச பிறகு ரேக் போட்டு, வழுவழுப்பான கல்லால தேய்க்கத் தேய்க்கத்தான் அந்தக் கண்ணாடி மினுக்கம் வரும். ஐரோப்பாவிலயும் அதே முறைதான், அகேட் கல்லால இல்லாட்டி நாயின்ர பல்லால தேய்ச்சவங்க. தேய்க்கிறது முரட்டு வேலை, நிறம் பூசின பிறகு தேய்ச்சா நிறம் போயிடும், அதால முதல் கோடு, பிறகு தங்கம், தேய்ச்சு முடிச்ச பிறகுதான் நிறம். நீங்க ஒரு நல்ல லென்ஸ் எடுத்து தங்கமும் நீலமும் சந்திக்கிற ஓரத்தைப் பாருங்க. நீலம் தங்கத்துக்கு மேல ஏறி நிக்குதா, தங்கம் நீலத்துக்கு மேல ஏறி நிக்குதா. பழைய முறையெண்டா நிறம்தான் மேல இருக்க வேணும். விரலால தடவிப் பார்க்கிற வேலை வேண்டாம், வியர்வை பட்டா தங்கத்துக்கு அடியில இருக்கிற சுண்ணம் விட்டுரும்.

சித்த மருத்துவ மாணவி:

நான் கோணேசபுரி கம்பஸ்ல சித்த மருத்துவம் படிக்கிறன். இந்த நிறப்பட்டியலைப் பார்த்தா எங்கட சரக்கு வகுப்புதான் ஞாபகம் வருகுது. அந்தச் சுவடிகளின்ர பளிச்சிவப்பு சாதிலிங்கம், அது பாதரசமும் கந்தகமும். மஞ்சள் அரிதாரம், தாளகம் எண்டுவம், ஆர்சனிக்கும் கந்தகமும். செம்மஞ்சளுக்கு ஈயச் செந்தூரம், வெள்ளைக்கு ஈய வெள்ளை, பச்சைக்குச் செம்புக் களிம்பு. நாங்க சுத்தி செய்து நஞ்சை முறிக்காமக் கிட்டயும் போகாத சாமான் எல்லாம் அந்தப் பக்கத்தில இருக்கலாம். அதால சுரண்டுறதுக்கு எதிரா நான் இன்னொரு காரணம் சொல்லுறன், அந்தத் தூள் மூக்குக்குள்ள போனா நல்லதில்ல. பிடிச்சிட்டுக் கையைக் கழுவுங்க, சின்னப் பிள்ளைகளிட்டக் குடுக்காதீங்க.

எனக்கு ஒரு கேள்வி, கெமிஸ்ட் அண்ணா. செம்புக் களிம்பு அரிக்கிற சாமான். நூற்றுக்கணக்கான வருஷம் தோலில இருந்தா தோலையே அரிக்காதா? அந்த ராணியின்ர பச்சை உடுப்புக்கு நேர பின்பக்கம் எப்பிடி இருக்கு எண்டு கேக்கத் தோணுது.

வெள்ளைச்சட்டைக் கெமிஸ்ட்:

தங்கச்சி, சரியான இடத்தில கை வச்சிருக்கிறீங்க. அரிக்கும். கன பழைய சுவடிகளில பச்சை பூசின இடம் மட்டும் பின்பக்கத்தில மண்ணிறமாத் தெரியும், சிலதில அந்த வடிவத்திலயே வெடிச்சு விழுந்து ஓட்டையா இருக்கும். எல்லாத்திலயும் இல்ல, செய்த முறையைப் பொறுத்தது, அவுரியையும் அரிதாரத்தையும் கலந்து பச்சை எடுத்தவங்களும் இருக்கினம். ஆனா பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தம்பி, இப்ப உங்களிட்ட மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளச் சொல்லி ஒரு கதை சொல்லுறன். 19ஆம் நூற்றாண்டு முடிவிலயும் 20 தொடக்கத்திலயும் பேர் தெரியாத ஒருத்தர் மத்திய காலப் படங்களாக் கீறித் தள்ளினவர், ஸ்பானிஷ் ஃபோர்ஜர் எண்டு உலகம் பேர் வச்சிருக்கு. நியூயோர்க் மோர்கன் லைப்ரரியில இருந்த பெல் ட கோஸ்டா கிரீன் எண்ட அம்மாதான் இதெல்லாம் ஒரே கை எண்டு பிரிச்சுக் காட்டினவ. அவர் கீறினது பல நேரம் உண்மையான பழைய தோலில, கோயில் பாட்டுப் புத்தகங்களைப் பிரிச்சு எடுத்த பக்கங்களில. விளங்குதுதானே? பின்பக்கத்தில பாட்டுக் குறிப்பு, முன்பக்கத்தில ராணி. தோலுக்கு கார்பன் பார்த்தா 15ஆம் நூற்றாண்டு எண்டு வரும், படம் நானூறு வருஷம் பிந்தினதா இருக்கும். அவரைக் காட்டிக் குடுத்த நிறங்களில ஒண்டு பச்சை. எமரால்ட் கிரீன், செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த சேர்வை, 1814லதான் ஜெர்மனியில முதல் செய்யத் தொடங்கினது. எக்ஸ்ஆர்எஃப்ல ஒரே இடத்தில செம்பும் ஆர்சனிக்கும் வந்தா உடன சந்தேகம் வரும், ஆனா அங்கயும் அவசரப்படக் கூடாது, செம்புக் களிம்போட அரிதாரம் கலந்திருந்தாலும் அதே ரெண்டு மூலகம்தான் வரும். ராமன் வச்சாத்தான் எது எண்டு பிரிக்கலாம். ஒரு மெசினை மட்டும் நம்பி ஒண்டும் சொல்லேலாது எண்டு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதாலதான்.

உங்கட படம் அது எண்டு நான் சொல்லேல்ல. பாட்டுப் புத்தகங்களில உண்மையிலயே படம் போட்ட பெரிய எழுத்துகளும் கனக்க இருக்கு. ஒண்டு மட்டும் பாருங்க, பெரிய எழுத்துக்குப் பக்கத்தில அந்த எழுத்தில தொடங்கிற பாட்டு வரி முன்பக்கத்திலயும் தொடருதா, இல்ல எழுத்து மட்டும் தனியா நிக்குதா?

புல்மோட்டையான்:

இந்தக் கதைக்குள்ள எங்கட ஊரும் வரும். எங்கட கடற்கரைக் கறுப்பு மணல் இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும். அதில இருந்துதான் உலகத்தில வெள்ளை பெயின்ட் செய்யிற டைட்டேனியம் டயொக்சைட் எடுக்கிறாங்க. அந்த வெள்ளை 1920கள் பக்கம்தான் கடைக்கு வந்தது, அப்ப மத்திய காலப் படத்தில டைட்டேனியம் வெள்ளை வந்தா கதை முடிஞ்சுது.

யேல் பல்கலைக்கழகத்தில வின்லாந்து மேப் எண்டு ஒண்டு இருக்கு, கொலம்பஸுக்கு முதலே வைக்கிங் ஆக்கள் அமெரிக்காவைக் கண்டதாக் காட்டுற மேப், 1965ல பெரிய சத்தமா வெளியில விட்டவங்க. 1974ல அந்த மையில அனடேஸ் எண்ட டைட்டேனியம் டயொக்சைட் இருக்கு எண்டு கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பிறகும் விடேல்ல, இயற்கையிலயும் அது கொஞ்சம் இருக்கும்தானே எண்டு வருஷக்கணக்காச் சண்டை. கடைசியில 2021ல முழு மேப்பையும் எக்ஸ்ஆர்எஃப்ல பார்த்து, கோடெல்லாம் டைட்டேனியம், போலிதான் எண்டு யேலே சொல்லிட்டுது. அதிலயும் தோல் 15ஆம் நூற்றாண்டுத் தோல்தான்!

நான் சொல்ல வந்தது, எங்கட கரையோரம் காத்தில வாற தூசியிலயும் அந்த மணல் இருக்கும். எத்தனையோ வருஷம் சுவரில மாட்டின படத்தில மெசின் கொஞ்சம் டைட்டேனியம் காட்டினா அதை வச்சுப் போலி எண்டு முடிவெடுக்க வேண்டாம். இல்மனைட் தூசியெண்டா இரும்பும் சேர்ந்து வரும், எல்லா இடத்திலயும் வரும். பெயின்டெண்டா வெள்ளை இருக்கிற இடத்தில மட்டும் குவிஞ்சு வரும்.

வெள்ளைச்சட்டைக் கெமிஸ்ட்:

புல்மோட்டை அண்ணே, நீங்க சொன்னது எங்கட லெப்பில புதுசா வாற பெடியளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டிய விஷயம். படத்துக்கு வெளியில வெறும் தோலிலயும் ஒரு ரீடிங் எடுத்துக் கழிச்சுப் பார்க்க வேணும் எண்டுறது இதுக்குத்தான்.

வரலாறு ரீச்சர்:

நீலம் தங்கத்தை விட விலையா எண்டு தம்பி கேட்டதுக்கு ஒருத்தரும் நேராச் சொல்லேல்ல. நல்ல அல்ட்ராமரின் தங்கத்துக்குச் சமனா மதிச்ச பொருள்தான், சில இடத்தில அதை விடவும் கூட. கல் வந்தது ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மலையில சர்-இ-சங் சுரங்கத்தில இருந்து. கல்லை இடிச்சா மட்டும் நீலம் வராது, சாம்பல் நிறம்தான் வரும். அந்தத் தூளை மெழுகு, குங்கிலியம் மாதிரிப் பிசின் எல்லாம் சேர்த்து மாவா உருட்டி நாள்கணக்கா வச்சு, பிறகு காரத்தண்ணிக்குள்ள போட்டுப் பிசையப் பிசைய நீலத் துகள் மட்டும் வெளியில இறங்கும், மற்றக் கல்லும் அழுக்கும் மாவிலயே நிக்கும். முதல் பிசையிறதில வாறதுதான் உயர்ந்த நீலம், கடைசியில வாறது சாம்பல்.

நான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினதே ஒரு பெண்ணால. ஜெர்மனியில டால்ஹைம் எண்ட இடத்தில பழைய கன்னியர் மடத்து மயானத்தில எடுத்த எலும்புக்கூடு, 45இல இருந்து 60 வயசுக்குள்ள ஒரு அம்மா, 11ஆம் 12ஆம் நூற்றாண்டுக் காலம். பல்லில படிஞ்ச காரையை மைக்ரோஸ்கோப்பில பார்த்தா நீலத் துகள்! ராமனும் மற்ற முறையும் வச்சுப் பார்த்து லாபிஸ் எண்டு 2019ல எழுதினாங்க. தூரிகை முனையைக் கூராக்க வாயில வச்சு நக்கி நக்கித்தான் அது பல்லில ஏறியிருக்க வேணும் எண்டு நினைக்கிறாங்க. அந்தக் காலத்துச் சுவடிகளில பெண்கள் பேர் போட்டுக் கையெழுத்து வைக்கிறது அருமை, எல்லாம் துறவி ஆம்பிளையள் செய்தது எண்டே எல்லாரும் எழுதிக்கொண்டு இருந்தவங்க. ஒரு பல்லு அதுக்கு மறுப்புச் சொல்லியிருக்கு. எனக்கு இந்தத் துறையில இதை விடப் பெரிய விஷயம் ஒண்டும் தெரியேல்ல, வகுப்பில சொல்லேக்க பிள்ளைகள் ஒரு சத்தமில்லாமக் கேப்பாங்க.

உப்புவெளிப் பெடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. சுரண்டிற கதையை விட்டாச்சு. மாமா நகை வேலை செய்யிறவர், அவற்ற கண் லென்ஸை வாங்கி ஜன்னல் பக்கம் வச்சுப் பார்த்தன்.

கோபுர வர்ணம் ஐயா, ராணியின்ர தலைக்குப் பின்னால நீலம்தான் தங்கத்துக்கு மேல ஏறி நிக்குது, வடிவாத் தெரியுது. ஆனா கீழ வலது மூலையில தங்கம் நீலத்துக்கு மேல கிடக்கு, அங்க மினுக்கமும் குறைவு, பிறகு யாரோ திருத்தினதோ தெரியாது. தங்கச்சி கேட்ட பச்சைக்குப் பின்பக்கம் சுத்தமாத்தான் இருக்கு, மண்ணிறம் ஒண்டுமில்ல. முன்பக்கத்தில பெரிய எழுத்துக்குப் பக்கத்தில வரி இல்ல அண்ணா, வெறுமையாத்தான் இருக்கு, ஆனா சரிச்சுப் பிடிச்சா அந்த வெறும் இடத்தில மெல்லிய கீறல் கோடுகள் தெரியுது. நீலத்தை லென்ஸில பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி மாத் தூளா இருக்கு. அது நல்லதா கெட்டதா?

வெள்ளைச்சட்டைக் கெமிஸ்ட்:

கல்லில இருந்து எடுத்த அல்ட்ராமரின்ல துகள் பெரிசும் சின்னனுமா, முனை முனையா இருக்கும், இடையில வெள்ளைக் கல் துண்டு, சில நேரம் பைரைட் எண்ட கனியத்தின்ர மினுக்கமும் இருக்கும். 1828ல பிரான்ஸில செயற்கையாச் செய்யத் தொடங்கின அல்ட்ராமரின் சரியான நுணுக்கமா, உருண்டையா, ஒரே அளவில இருக்கும். ஆனா அதைப் பிரிக்கிறதுக்கு நகை லென்ஸின்ர பெருப்பம் காணாது தம்பி, அவுரியும் அந்த லென்ஸில மாத் தூள் மாதிரித்தான் தெரியும். அந்த வெறும் இடத்துக் கீறல்தான் எனக்கு முக்கியமாப் படுகுது. அங்க முதல் இருந்த பாட்டு வரியை யாரோ சுரண்டி எடுத்திட்டுப் படம் போட்டிருக்கலாம், இல்லாட்டி வரி எழுத எண்டு அடிச்ச கோடு எழுதாம விட்டிருக்கலாம். சாய்ச்ச வெளிச்சத்தில போட்டோ எடுத்தா ரெண்டில எது எண்டு தெரியும். ரோர்ச்சை மேசையோட ஒட்டிப் பக்கத்தில இருந்து பிடிச்சு, நாலு பக்கத்திலயும் வச்சு ஒவ்வொண்டா எடுங்க, ஃபிளாஷ் வேண்டாம். கடைகளில கள்ளக்காசு பார்க்கிற ஊதா லைட் கிடைச்சா இருட்டில ஒரு நிமிஷம் மட்டும் வச்சு ஒரு போட்டோ, வெள்ளை இடம் மஞ்சள் பச்சையா ஒளிர்ந்தா துத்தநாக வெள்ளையா இருக்கலாம், அது மத்திய காலத்து நிறமில்ல.

மற்றது, சுவரில இருந்து கழட்டுங்க. உப்புக் காத்தும் மழைக்கால ஈரமும் தோலை விரிச்சுச் சுருக்கிக்கொண்டே இருக்கும், அப்பிடி ஆடி ஆடித்தான் நிறம் பொருக்கா விழுறது. லமினேட் பண்ணவே வேண்டாம், கண்ணாடி நேர நிறத்தில முட்டவும் வேண்டாம். அமிலமில்லாத தாளில வச்சு அலுமாரிக்குள்ள படுக்கையா வையுங்க.

உப்புவெளிப் பெடியன்:

கழட்டியாச்சு அண்ணா. அப்பாக்கு நேற்று ரீச்சர் சொன்ன பல்லுக் கதையையும் ஸ்பானிஷ் ஃபோர்ஜர் கதையையும் சொன்னன், போலியா இருந்தாலும் அப்பப்பாக்குக் குடுத்தது உண்மைதானே, வடிவாப் பார்த்துச் சொல்லு எண்டார். சனிக்கிழமை போட்டோ போடுறன்.

கோபுர வர்ணம்:

அந்த வலது மூலையைக் கிட்டக் கிட்ட எடுத்துப் போடுங்க தம்பி, பக்கத்தில ஒரு அடிமட்டமும் வையுங்க. பின்னால இருந்து திருத்தின தங்கமெண்டா அடியில மேடு இருக்காது, நிழலைப் பார்த்து நான் சொல்லுவன்.